கண்டிஷன் வேரியபிளுக்கு ஞாபகசக்தி கிடையாது

சி மொழியில் த்ரெட், பூட்டு, காத்திருப்பு பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில். நிரல் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கம்பைலர் கோபித்துக்கொள்ளும், நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: 'கவுண்டர்++' என்பது ஒரே ஒரு வரி. இதற்குப் போய் பூட்டு எதற்கு? (மூன்றாமாண்டு மாணவர், திண்டுக்கல்)

ப: உங்களுக்கு ஒரு வரி. பிராசஸருக்கு மூன்று வேலை: மெமரியிலிருந்து எடு, ஒன்று கூட்டு, திரும்ப வை. கவுண்டரில் 41 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் த்ரெட் 41-ஐ எடுக்கிறது. அது கூட்டித் திரும்ப வைப்பதற்குள் இரண்டாவது த்ரெட்டும் வந்து அதே 41-ஐ எடுக்கிறது. இரண்டுமே 42 என்று எழுதிவிட்டுத் திருப்தியாகப் போகின்றன. கூட்டல் நடந்தது இரண்டு, கணக்கில் ஏறியது ஒன்று. ஆளுக்குப் பத்து லட்சம் தடவை ஓடவிட்டால் 20,00,000 வர வேண்டிய இடத்தில் அதைவிடக் குறைந்த ஏதோ ஓர் எண் வரும். மறுபடி ஓட்டினால் வேறு எண்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. -ஓ2 கொடுத்து கம்பைல் செய்து பாருங்கள். பெரும்பாலும் சரியாக 20,00,000 வந்து நிற்கும். ஜிசிசி உங்கள் லூப்பையே தூக்கிக் கடாசிவிட்டு, 'பத்து லட்சத்தைக் கூட்டு' என்று ஒரே கூட்டலாக்கிவிடுவதுதான் காரணம். இரண்டும் மோதிக்கொள்ள அவகாசமே இல்லை. தப்பு அப்படியே இருக்கிறது, வெளியே தெரியவில்லை. சி11 தரம் இதற்கு 'டேட்டா ரேஸ்' என்று பெயர் வைத்து, அப்புறம் என்ன நடந்தாலும் நான் பொறுப்பல்ல என்று கைகழுவிவிட்டது.

கே: மாறிக்கு முன்னால் 'வாலட்டைல்' போட்டால் போதாதா?

ப: போதாது. 'இந்த மாறியை ஒவ்வொரு முறையும் மெமரியில் போய்ப் பார், ரெஜிஸ்டரில் பதுக்காதே' என்று கம்பைலரிடம் சொல்வதோடு அதன் அதிகாரம் முடிந்தது. எடு, கூட்டு, வை மூன்றையும் ஒன்றாக்காது. ஒரு கோர் எழுதியதை இன்னொரு கோர் எந்த வரிசையில் பார்க்கும் என்பதற்கும் பொறுப்பேற்காது. ஜாவாவில் அதே பெயரில் இருப்பது வேறு சாமான். அங்கிருந்து வருகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒற்றைக் கவுண்டர் மட்டும் என்றால் சி11-இன் '_அட்டாமிக்' போடுங்கள், முடிந்தது. இரண்டு மாறிகள் சேர்ந்து ஒழுங்காக இருக்க வேண்டும் என்றால் மியூடெக்ஸ்தான்.

கே: மியூடெக்ஸ் எதைப் பூட்டுகிறது, நிரலையா, தகவலையா? எங்கள் வகுப்பில் இதற்குப் பெரிய சண்டை. (மாணவி, திருநெல்வேலி)

ப: இரண்டு கட்சியும் தோற்றது. மியூடெக்ஸ் தன்னைத்தான் பூட்டிக்கொள்கிறது, வேறு எதையும் அல்ல. உங்கள் கியூ எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. 'இந்த கியூவைத் தொடுகிறவர்கள் எல்லோரும் முதலில் இந்தப் பூட்டை எடுப்போம்' என்று புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான் பாதுகாப்பு. ஒருவர் மீறினாலும் ஒப்பந்தம் காலி. 'நான் படிக்கத்தானே செய்கிறேன், எழுதவில்லையே' என்கிறவரும் மீறுகிறவர்தான். பாதி எழுதப்பட்ட தகவலை அவர் படித்துவிட்டுப் போவார்.

ஆனாலும் யோசிக்கும்போது 'தகவலுக்குப் பூட்டு' என்று யோசிப்பதே என் கட்சி. ஸ்ட்ரக்ட் எழுதும்போது பூட்டை அதற்குள்ளேயே வையுங்கள். எந்தெந்த உறுப்புகளுக்கு அது காவல் என்று பக்கத்தில் ஒரு கமெண்ட் எழுதுங்கள். நிரலுக்குப் பூட்டு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு லினக்ஸ் கெர்னலே சாட்சி. 1996-இல் 2.0 வெளியானபோது பல பிராசஸர்களைச் சமாளிக்க மொத்த கெர்னலுக்கும் ஒரே 'பெரிய பூட்டு' போட்டார்கள். போட்டது சுலபம். எந்த வரி எந்தத் தகவலுக்காக அந்தப் பூட்டை நம்பியிருக்கிறது என்று தோண்டித் தோண்டிப் பார்த்து, அதை முழுசாகக் கழற்றி எறிந்தது 2011-இல், 2.6.39-இல்.

கே: பூட்டு போட்டால் வேகம் போய்விடும் என்கிறார் எங்கள் டீம் லீட். உண்மையா?

ப: பாதி உண்மை. லினக்ஸில் 2002-இல் ஃப்யூடெக்ஸ் என்ற வசதி வந்த பிறகு, போட்டியில்லாத பூட்டை எடுக்க கெர்னல் வாசலுக்கே போக வேண்டியதில்லை. பயனர் பக்கத்திலேயே ஓர் அட்டாமிக் கட்டளையில் வேலை முடிந்துவிடும். பூட்டு ஏற்கெனவே வேறொருவர் கையில் இருந்தால்தான் கெர்னலைக் கூப்பிட்டுத் தூங்கப் போக வேண்டும். வேகத்தைத் தின்பது போட்டி. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே டிஸ்க்கில் எழுதுவது, நெட்வொர்க்கில் பதிலுக்குக் காத்திருப்பது, லாக் ஃபைலில் கதை எழுதுவது இவற்றையெல்லாம் நிறுத்திவிட்டு, பிறகு அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கே: எட்டு கோர் இருக்கிறது. எட்டு த்ரெட் விட்டால் எட்டு மடங்கு வேகம் வருமா?

ப: வராது. ஜீன் அம்டால் 1967-லேயே இந்த ஆசைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டார். மொத்த வேலையில் கால் பங்கு பூட்டுக்குள், ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கும் என்றால், எட்டு கோரில் கிடைப்பது சுமார் 2.9 மடங்கு. எண்பது கோர் வாங்கினாலும் நான்கைத் தாண்டாது.

கே: பூட்டுதான் இருக்கிறதே, கண்டிஷன் வேரியபிள் என்று இன்னொன்று எதற்கு? (இளம் புரோகிராமர், கோவை)

ப: பூட்டு, ஆளை உள்ளே விடாமல் இருப்பதற்கு. 'ஒன்று நடக்கும்வரை காத்திரு' என்று சொல்ல அதற்கு வழியில்லை. கியூ காலியாக இருக்கிறது, வேலை வந்ததும் எடுக்க வேண்டும். பூட்டு மட்டும் வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்வீர்கள்? எடு, பார், காலி, விடு. எடு, பார், காலி, விடு. ஒரு கோர் முழுக்க இதிலேயே கொதித்துக்கொண்டிருக்கும். நடுவில் 'ஸ்லீப்' போடலாம் என்பீர்கள். எவ்வளவு நேரம்? ஒரு மில்லி செகண்ட் என்றால் வெட்டியாக விழித்துக்கொண்டே இருக்கும். ஒரு செகண்ட் என்றால் வேலை வந்தும் தூங்கிக்கொண்டிருக்கும். ஸ்லீப் போட்டு ஒருங்கிணைக்கிற எந்த நிரலைப் பார்த்தாலும், அதை எழுதியவர் நம்பிக்கையையே அளவுகோலாக எடுத்துக்கொண்டவர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பெர் பிரிஞ்ச் ஹான்சனும் டோனி ஹோரும் 'மானிட்டர்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தார்கள். தகவல், அதற்கான பூட்டு, காத்திருக்க ஒரு வரிசை, மூன்றும் ஒரே இடத்தில். ஹோர் 1974-இல் எழுதிய கட்டுரையில் அந்தக் காத்திருப்பு வரிசைதான் கண்டிஷன் வேரியபிள். சி-யில் மானிட்டர் கிடையாது. 1995-இல் பாஸிக்ஸ் த்ரெட் தரம் வந்தபோது பூட்டைத் தனியாகவும் வரிசையைத் தனியாகவும் கையில் கொடுத்தார்கள். சேர்த்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு.

கே: 'பீத்ரெட்_காண்ட்_வெயிட்' எதற்காக மியூடெக்ஸையும் கேட்கிறது? தூங்கப் போகிறவனுக்குப் பூட்டு எதற்கு?

ப: இந்த இதழின் நல்ல கேள்வி இதுதான். அந்த இரண்டாவது அளபுரு இல்லை என்று வைத்துக்கொண்டு நாமே செய்து பார்ப்போம். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்க முடியாது; தூங்கினால் வேலை கொண்டுவருகிறவர் உள்ளே வரவே முடியாது. ஆகவே பூட்டை விட்டுவிட்டுத் தூங்க வேண்டும். இரண்டு தனித்தனி வரிகள்: முதலில் அன்லாக், அடுத்து தூக்கம்.

வாங்குகிற த்ரெட் கியூவைப் பார்க்கிறது. எண்ணிக்கை 0. அன்லாக் செய்கிறது. அந்த நொடியில் ஷெட்யூலர் அதை ஓரமாக உட்கார வைத்துவிட்டுக் கொடுக்கிற த்ரெட்டை ஓட விடுகிறது. அது பூட்டை எடுக்கிறது, ஒரு வேலையைப் போடுகிறது, எண்ணிக்கை 1, சிக்னல் கொடுக்கிறது. யாரும் தூங்கவில்லையே, சிக்னல் காற்றோடு போயிற்று. இப்போது வாங்குகிற த்ரெட்டுக்கு மறுபடி முறை வருகிறது. அடுத்த வரி என்ன? தூக்கம். தூங்குகிறது. கியூவில் வேலை இருக்கிறது, எழுப்ப வேண்டியவர் எழுப்பிவிட்டுப் போய்விட்டார். இனி அவர் இன்னொரு வேலை கொண்டுவந்தால்தான் விமோசனம். அதுவே கடைசி வேலை என்றால் விடியாத தூக்கம்.

பூட்டை விடுவதற்கும் தூங்குவதற்கும் இடையே இருக்கிற இந்த மயிரிழை இடைவெளியை அடைப்பதற்காகத்தான் வெயிட், கண்டிஷன் வேரியபிள், மியூடெக்ஸ் இரண்டையும் கேட்டு வாங்குகிறது. 'பூட்டை விடுவதும் வரிசையில் சேருவதும் பிரிக்க முடியாத ஒரே செயல்' என்று தரம் உறுதி தருகிறது. எழுந்து திரும்பி வரும்போது பூட்டை மறுபடி எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் உங்கள் அடுத்த வரிக்கு விடும். இந்த உறுதிக்கு உங்கள் பக்கத்திலிருந்து ஒரு விலை உண்டு: எண்ணிக்கையை மாற்றுகிறவரும் அதே பூட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் மாற்ற வேண்டும்.

கே: வெயிட்டுக்கு முன்னால் 'வைல்' போடு என்கிறார்கள். நான் 'இஃப்' போட்டிருக்கிறேன், நன்றாகத்தான் ஓடுகிறது.

ப: மதியம் ஒரு மணிக்குக் கூட்டமான சாப்பாட்டு ஹோட்டலுக்குப் போயிருக்கிறீர்களா? வாசலில் நிற்கிறீர்கள். சர்வர் 'சார், ஓர் இடம் காலி, வாங்க' என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் பையை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள், அப்போதுதான் உள்ளே நுழைந்த ஒருவர் அதில் உட்கார்ந்து இலையைக் கழுவிக்கொண்டிருக்கிறார். 'இஃப்' போட்ட த்ரெட் என்ன செய்யும் தெரியுமா? நேராகப் போய் அவர் மடியில் உட்காரும்.

சிக்னல் கொடுத்த கணத்துக்கும், எழுந்தவர் பூட்டைத் திரும்பப் பெறும் கணத்துக்கும் நடுவில் மூன்றாவது ஆள் பூட்டை எடுத்து, வேலையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஹோரின் மானிட்டரில் இது நடக்காது. அங்கே சிக்னல் கொடுத்தவர் உடனே பூட்டை எழுந்தவர் கையிலேயே ஒப்படைத்துவிடுவார். காகிதத்தில் அழகு. ஜெராக்ஸின் மெஸா மொழியில் இதைச் செய்துபார்த்த பட்லர் லாம்ப்ஸனும் டேவிட் ரெடெல்லும் 1980-இல் எழுதிய கட்டுரையில் வேறு வழி சொன்னார்கள்: அறிவிப்பு என்பது வெறும் குறிப்பு, எழுந்தவர் தானே மறுபடி பார்த்துக்கொள்ளட்டும். பாஸிக்ஸ் எடுத்துக்கொண்டது மெஸா வழியை. போதாக்குறைக்கு, யாரும் எழுப்பாமலே வெயிட் திரும்பி வரலாம் என்றும் தரம் அனுமதிக்கிறது. ஆகவே,

வைல் (எண்ணிக்கை == 0) பீத்ரெட்_காண்ட்_வெயிட்(&சரக்கு_வந்தது, &பூட்டு);

என்பதைத் தவிர வேறு வடிவம் கிடையாது. உங்கள் 'இஃப்' நன்றாக ஓடுவதற்குக் காரணம் உங்களிடம் வாங்குகிற த்ரெட் ஒன்றே ஒன்று இருப்பது. இரண்டாவது த்ரெட்டைச் சேர்க்கும் நாளில் எனக்கு மறுபடி எழுதுவீர்கள்.

கே: வெயிட் செய்வதற்கு முன்பே சிக்னல் கொடுத்தால் அது எங்கே சேமித்து வைக்கப்படும்?

ப: எங்கேயும் இல்லை. கண்டிஷன் வேரியபிளுக்கு ஞாபகசக்தி கிடையாது. ஞாபகம் வைத்துக்கொள்வது டைக்ஸ்ட்ரா கொடுத்த செமஃபோர். அதற்குள் ஓர் எண் இருக்கிறது. கண்டிஷன் வேரியபிளைப் பயன்படுத்தும்போது அந்த எண்ணையோ கொடியையோ நீங்கள்தான் தனி மாறியாக வைக்க வேண்டும். பெயரில் 'கண்டிஷன்' இருப்பதைப் பார்த்து நிபந்தனை அதற்குள் இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். நிபந்தனை உங்கள் மாறியில், காவல் மியூடெக்ஸில், இது வெறும் தூங்குகிற இடம்.

கே: சிக்னலா, பிராட்காஸ்டா? எது எப்போது? (ஐந்தாண்டு அனுபவசாலி, பெங்களூரு)

ப: தூங்குகிறவர்களில் யாரை எழுப்பினாலும் காரியம் ஆகும் என்றால் சிக்னல். 'யாரை' என்பது முக்கியம் என்றால் பிராட்காஸ்ட், அல்லது தனித்தனி கண்டிஷன் வேரியபிள்.

ஒரே ஒரு வேலைக்குத்தான் இடமுள்ள பஃபர். வாங்குகிறவர் இருவர், கொடுக்கிறவர் ஒருவர். சிக்கனமாக ஒரே கண்டிஷன் வேரியபிள். வாங்குகிற இருவரும் காலியைப் பார்த்துத் தூங்குகிறார்கள். கொடுப்பவர் ஒன்றைப் போட்டு சிக்னல் கொடுக்கிறார், முதலாமவர் எழுகிறார். அவர் பூட்டைப் பிடிப்பதற்குள் கொடுப்பவர் அடுத்ததைப் போட வருகிறார், இடமில்லை, தூங்குகிறார். முதலாமவர் வேலையை எடுத்துக்கொண்டு 'இடம் காலி' என்று சிக்னல் கொடுக்கிறார். அது கொடுப்பவரை எழுப்பும் என்பது அவர் நினைப்பு. வரிசையில் முன்னால் இருப்பதோ வாங்குகிற இரண்டாமவர். அவர் எழுந்து பார்க்கிறார், பஃபர் காலி, மறுபடி தூக்கம். முதலாமவரும் திரும்பி வந்து பார்க்கிறார், காலி, தூக்கம். மூன்று பேரும் குறட்டை. வைல் போட்டிருக்கிறீர்கள், பூட்டு சரியாக இருக்கிறது, ஆனாலும் புரோகிராம் செத்துவிட்டது.

மருந்து: 'சரக்கு_வந்தது', 'இடம்_காலி' என்று இரண்டு வேரியபிள்கள், மியூடெக்ஸ் ஒன்றே. சந்தேகம் இருந்தால் பிராட்காஸ்ட் கொடுங்கள். வைல் சரியாக எழுதியிருந்தால் பிராட்காஸ்டால் தப்பு வராது, கொஞ்சம் கூட்ட நெரிசல் வரும், அவ்வளவுதான்.

கே: அன்லாக் செய்துவிட்டு சிக்னலா, சிக்னல் கொடுத்துவிட்டு அன்லாக்கா?

ப: இரண்டையும் தரம் ஏற்கிறது. ஷெட்யூலிங் கணிக்கத்தக்கதாக வேண்டுமானால் பூட்டோடு கொடு என்கிறது. நானும் பூட்டோடுதான் கொடுப்பேன். காரணம் வேறு: அன்லாக் செய்த மறுகணமே மற்றவர் எழுந்து வேலையை முடித்து, அந்த ஸ்ட்ரக்ட்டையே ஃப்ரீ செய்துவிட்டால், உங்கள் சிக்னல் போய் விழுவது இல்லாத மெமரியில்.

கே: கன்ட்ரோல்-சி அழுத்தினால் வருவதும் சிக்னல்தானே? அந்த ஹேண்ட்லருக்குள் 'காண்ட்_சிக்னல்' கூப்பிடலாமா?

ப: பெயர்ப் பொருத்தம் மட்டும்தான், ஜாதகம் சேராது. ஹேண்ட்லருக்குள் கூப்பிடக்கூடாத பட்டியலில் மியூடெக்ஸும் இருக்கிறது, காண்ட் சிக்னலும் இருக்கிறது. 'செம்_போஸ்ட்' கூப்பிடலாம்.

கே: இன்டர்வியூவில் டெட்லாக்கின் நான்கு நிபந்தனைகளைச் சொல்லத் தெரியாமல் முழித்தேன்.

ப: 1971-இல் காஃப்மனும் சகாக்களும் எழுதிவைத்தவை. ஒருவர் கையில்தான் இருக்க முடியும், ஒன்றை வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருப்பது, பிடுங்க முடியாது, காத்திருப்பு வட்டமாக முடிவது. நான்கில் ஒன்றை உடைத்தால் டெட்லாக் இல்லை. நடைமுறையில் எல்லோரும் உடைப்பது நான்காவதை: பூட்டுகளுக்கு ஒரு வரிசை வைத்து, எல்லோரும் அந்த வரிசையிலேயே எடுப்பது.

வங்கிக் கணக்கு உதாரணத்தில் இது நன்றாகத் தெரியும். 'அனுப்புபவர் பூட்டு, பிறகு பெறுபவர் பூட்டு' என்று எழுதுவார்கள். ராமனுக்கு சீதாவும் சீதாவுக்கு ராமனும் ஒரே நேரத்தில் பணம் அனுப்பினால் முடிந்தது கதை. கணக்கு எண் சிறியது எதுவோ அதன் பூட்டை முதலில் எடுங்கள். சிலர் பூட்டின் மெமரி முகவரியையே '<' போட்டு ஒப்பிடுவார்கள். தொடர்பில்லாத இரண்டு பாயிண்டர்களை அப்படி ஒப்பிடுவதற்கு சி தரத்தில் உத்தரவாதம் இல்லை. இன்னொன்றும் பாருங்கள்: ஒருவர் தனக்குத் தானே அனுப்பினால்? ஒரே பூட்டை இருமுறை எடுக்கப் போய் அங்கேயே சிலையாக நிற்பீர்கள்.

டெட்லாக்கை விளக்கச் சொல்லும் ஐந்து தத்துவஞானிகள், ஐந்து முட்கரண்டி கதை தெரிந்திருக்கும். 1965-இல் டைக்ஸ்ட்ரா மாணவர்களுக்குப் பரீட்சைக் கேள்வியாகக் கொடுத்தபோது அதில் இருந்தவை டேப் டிரைவ்கள். சாப்பாட்டு மேஜைக்கு அழைத்து வந்தவர் ஹோர்.

கே: இதெல்லாம் கிளாஸ்ரூம் பயமுறுத்தல். நிஜத்தில் ஒரு பூட்டால் பெரிய சேதம் வந்திருக்கிறதா?

ப: செவ்வாய்க் கிரகத்தில் வந்தது, போதுமா?

1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில், வானிலைத் தகவல் சேகரிக்கத் தொடங்கிய பிறகு, கம்ப்யூட்டர் தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலைகள் மறுநாளுக்குப் போயின. உள்ளே ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ரியல்டைம் ஓஎஸ். தகவல் பஸ்ஸைக் கவனிக்கும் டாஸ்க்குக்கு உயர்ந்த முன்னுரிமை; வானிலை டாஸ்க்குக்குத் தாழ்ந்த முன்னுரிமை. இரண்டும் ஒரே மியூடெக்ஸை அவ்வப்போது எடுக்கும். வானிலை டாஸ்க் அதைப் பிடித்திருக்கும்போது, நடுத்தர முன்னுரிமையுள்ள வேறு டாஸ்க்குகள் எழுந்து பிராசஸரைப் பிடித்துக்கொள்ளும். வானிலை ஓட முடியாது, ஆகவே பூட்டை விட முடியாது. பஸ் டாஸ்க் பூட்டுக்காக நிற்கிறது. பூட்டுக்குச் சம்பந்தமே இல்லாத நடுத்தர ஆள், உச்சியில் இருப்பவரை நிறுத்தி வைத்துவிட்டார். குறித்த நேரத்தில் பஸ் டாஸ்க் வேலையை முடிக்கவில்லை என்று கண்டுபிடித்ததும் 'ஏதோ விபரீதம்' என்று மொத்தத்தையும் ரீசெட் செய்தது கண்காணிப்பு.

இதில் என்னை உலுக்குகிற விவரம் ஒன்று: அந்தப் பூட்டை வானிலை நிரலை எழுதியவர்கள் நேரடியாகப் போடவே இல்லை. அவர்கள் கூப்பிட்டது 'செலக்ட்' என்ற சாதாரண லைப்ரரி ஃபங்ஷன். பூட்டு அதற்குள் இருந்தது. இறங்குவதற்கு முன்பே சோதனையில் இந்தக் கோளாறு தலைகாட்டியது, தேடிப் போனபோது மறுபடி வரவில்லை. கடைசியில் பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில் அதை வரவழைத்துப் பிடித்தார்கள். மருந்து ஏற்கெனவே விஎக்ஸ்வொர்க்ஸில் இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள். பூட்டை வைத்திருப்பவருக்கு, அதற்காகக் காத்திருக்கும் உயர்ந்தவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாக இரவல் கொடுப்பது. பெயர் முன்னுரிமை மரபுரிமை. இதை ஆராய்ந்து 1990-இல் கட்டுரை எழுதிய மூவர் லுய் ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோக்ஸ்கி. ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். மாற்றத்தை பூமியிலிருந்து செவ்வாய்க்கு அனுப்பினார்கள், ரீசெட் நின்றது.

பாஸிக்ஸ் மியூடெக்ஸிலும் இந்த வசதி உண்டு. நீங்களாக அட்ரிபியூட் வைத்துக் கேட்டால்தான் கிடைக்கும்.

பூமியிலும் வேண்டுமா? 2003 ஆகஸ்ட் 14, அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரம் போயிற்று. லைன்கள் மரத்தில் உரசியது தனிக் கதை. ஒஹையோ கட்டுப்பாட்டு அறையின் அலாரம் மென்பொருள் ஒரு ரேஸ் கண்டிஷனில் சிக்கி ஊமையாகிவிட்டதால், எரியும் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது அங்கிருந்தவர்களுக்கே தெரியவில்லை.

கே: பக் பிடிக்க 'பிரின்ட்எஃப்' போட்டால் பக் மறைந்துவிடுகிறது. எடுத்தால் வருகிறது. ஏதாவது பரிகாரம்? (வாசகர், மதுரை)

ப: திருஷ்டி இல்லை. பிரின்ட்எஃப் தனக்குள் ஒரு பூட்டை எடுக்கிறது, நேரமும் எடுக்கிறது. மோதவேண்டிய இரண்டு த்ரெட்களையும் ஒதுக்கிவிட்டுவிடுகிறது. அதை அப்படியே விட்டுவிட்டு 'சரியாகிவிட்டது' என்று டெலிவரி கொடுத்தவர்கள் உண்டு. '-எஃப்சானிடைஸ்=த்ரெட்' கொடுத்து கம்பைல் செய்து ஓட்டுங்கள். ஐந்திலிருந்து பதினைந்து மடங்கு மெதுவாக ஓடும். ஆனால் எந்த வரியும் எந்த வரியும் ஒரே மாறியில் பூட்டில்லாமல் கைவைத்தன என்று இரண்டு ஸ்டாக்கையும் காட்டும். வால்கிரைண்டின் ஹெல்கிரைண்டும் உதவும்.

கே: 'டைம்ட்வெயிட்'டில் 5 வினாடி கொடுத்தேன். காத்திருக்கவே இல்லை, உடனே டைம்அவுட்!

ப: அது 'எவ்வளவு நேரம்' என்று கேட்கவில்லை, 'எத்தனை மணி வரை' என்று கேட்கிறது. நீங்கள் கொடுத்த 5, 1970 ஜனவரி 1 அன்று இந்திய நேரம் காலை ஐந்தரை மணி ஐந்து வினாடி. அது எப்போதோ போய்விட்டது. தற்போதைய நேரத்தை எடுத்து அதோடு 5-ஐக் கூட்டிக் கொடுங்கள். கூடவே, காண்ட் அட்ரிபியூட்டில் கடிகாரத்தை மோனோடோனிக் ஆக மாற்றிவிட்டு, நேரத்தையும் அதே கடிகாரத்தில் எடுங்கள். இல்லாவிட்டால் யாரோ சிஸ்டம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாளில் உங்கள் ஐந்து வினாடி, ஒரு மணி நேரம் ஐந்து வினாடி ஆகும்.

கே: '-எல்பீத்ரெட்' போட மறந்தேன், ஆனாலும் லிங்க் ஆகிறதே?

ப: 2021-இல் வந்த ஜிலிப்சி 2.34 முதல் அது லிப்சி-க்குள்ளேயே குடிவந்துவிட்டது. பழைய சர்வருக்கும் போகிற நிரல் என்றால் போட்டு வையுங்கள்.

கே: த்ரெட்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோர்க் செய்யலாமா?

ப: செய்து, உடனே எக்ஸெக் செய்வதானால் சரி. இல்லையென்றால் யோசியுங்கள். குழந்தை ப்ராசஸில் ஃபோர்க்கைக் கூப்பிட்ட த்ரெட் மட்டும்தான் உயிரோடு இருக்கும். மற்ற த்ரெட்கள் பிடித்திருந்த பூட்டுகள் பூட்டியபடியே வந்து சேரும். திறக்க வேண்டியவர் அந்த உலகத்திலேயே இல்லை.

கே: வேலைக்கார த்ரெட்கள் வெயிட்டில் தூங்குகின்றன. புரோகிராமை மூடும்போது அவற்றை எப்படி நிறுத்துவது? 'பீத்ரெட்_கேன்சல்' போட்டுக் கொன்றுவிடலாமா? (சர்வர் எழுதுகிறவர், சென்னை)

ப: வேண்டாம். வெயிட் ஒரு கேன்சல் புள்ளி. அங்கே சாகிற த்ரெட், சாவதற்கு முன் பூட்டை மறுபடி எடுத்துக்கொண்டுதான் சாகும். கிளீனப் ஹேண்ட்லர் எழுதி அதை விடுவிக்கவில்லையென்றால் மற்ற எல்லோரும் அந்தப் பூட்டின் வாசலில் நிற்பார்கள்.

'நிறுத்து' என்று ஒரு மாறி வையுங்கள், அதே மியூடெக்ஸின் காவலில். காத்திருக்கும் வரி இப்படி ஆகட்டும்: வைல் (எண்ணிக்கை == 0 && !நிறுத்து) வெயிட். மூடும்போது பூட்டை எடுத்து, நிறுத்து = 1, பிராட்காஸ்ட், அன்லாக். இந்த இடத்தில் சிக்னல் போட்டால் ஒருவர் மட்டும் எழுந்து வீட்டுக்குப் போவார், மற்றவர்கள் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். எழுந்தவர் கியூவில் மிச்சம் இருப்பதை முடித்துவிட்டுப் போவதா, அப்படியே போட்டுவிட்டுப் போவதா என்பதை இப்போதே முடிவுசெய்து எழுதிவையுங்கள். மூடும் நேரத்து பக்குகளில் பலவும் யாரும் முடிவுசெய்யாமல் விட்ட இந்த இடத்தில்தான் முளைக்கின்றன. எல்லாரையும் 'ஜாயின்' செய்யுங்கள். மியூடெக்ஸையும் கண்டிஷன் வேரியபிளையும் டெஸ்ட்ராய் செய்வது அதற்குப் பிறகு.